மூன்று நாளும் மூன்றில் ஒரு பங்கும்

“கோப்பையை வாங்குங்க. கீழ வைங்க. குடிச்சு மட்டும் தொலைச்சுடாதீங்க” என்றாள் மனைவி சப்ரியா. விடிந்ததிலிருந்து இது மூன்றாவது தடவை.

“நான் என்ன பால்குடிப் பிள்ளையா?” என்றான் ஜாசிப்.

“ரெண்டு நாளா கண்ணே மூடல நீங்க. அதான் சொல்றேன்.”

ஷேக்கின் மண்டபத்துக்கு உதவி கேட்டுப் போகிறவன் முதல் கோப்பைக் காபியைக் குடிப்பதில்லை. தனக்கு முன்னால் தரையில் வைத்துவிடுவான். என்ன வேண்டும் என்று ஷேக் கேட்பார். கேட்டதைத் தர ஒப்புக்கொண்டு ‘குடி’ என்று அவர் சொன்ன பிறகுதான் குடிப்பான். வந்தவன் குடிக்காமலே எழுந்து போனால் அந்த மானக்கேடு ஷேக்கின் பேரப்பிள்ளைகள் வரைக்கும் வரும். குடித்துவிட்டுக் கேட்கிறவனுக்கு அவர் எதுவும் தர வேண்டியதில்லை.

ஜாசிப் கேட்கப் போவது தம்பியின் உயிரை.

தம்பி முஹன்னத் அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். நெடுஞ்சாலை ஓரத்து அமெரிக்க முகாமில் நான்கு வருஷம் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். அமெரிக்க வண்டிகள் பத்து நாளாகத் தெற்கே குவைத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. போன வாரம் கதவிடுக்கில் ஒரு உறை கிடந்தது. உள்ளே அவன் பெயர் எழுதிய தாளும் ஒரு தோட்டாவும்.

“அமெரிக்காக்காரன்கிட்ட ஃபாரம் இருந்துச்சு, பதினாறு பக்கம்” என்றான் முஹன்னத். “நம்ம ஷேக்கிட்ட கோப்பை இருக்கு, ரெண்டு மடக்கு. எது வேலைக்காகுதுன்னு பாத்துடலாம்.”

“வாயை மூடிட்டுத் தின்னுடா.”

விசாவுக்கு எழுதிப்போட்டு ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. பரிசீலனையில் இருக்கிறது என்று நான்கு தடவை பதில் வந்தது. ஒரு கடிதமாவது வாங்கிவிடலாம் என்று ஜாசிப் இரண்டு பகல், இரண்டு இரவு முகாம் வாசலில் நின்று பார்த்தான். தெருவுக்கு மின்சாரம் கொடுக்கும் தன் ஜெனரேட்டரைக்கூட அணைத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தான். காவலுக்கு நின்றவர்கள் உள்நாட்டு ராணுவத்துப் பையன்கள். “கேப்டனா? அவரு போயாச்சு அண்ணே. அவரோட ஏ.சி. பெட்டி இருக்கு, வேணுமா?” என்று கேட்டான் ஒருவன்.

காலை எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஜாசிப் மண்டபத்துக்குள் நுழைந்தான். ஷேக் மிஸ்ஹர் கோடியில் உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலே அமெரிக்கக் கர்னல் கொடுத்த பாராட்டுப் பலகை ஐந்து வருஷம் தொங்கியது. இப்போது அந்த இடத்தில் முஹர்ரம் மாதத் துக்கத்துக்கான கறுப்புத் துணி. சலாம் சொன்னான். பாயில் இருந்த நான்கைந்து பேர் அரைவாசி எழுந்து உட்கார்ந்தார்கள். அவனும் உட்கார்ந்தான். முழங்கால் வலித்தது. கணப்பின் சூடு முகத்தில் பட்டது.

காபி ஊற்றுகிற ஃபர்ஹூத் உடனே வந்தான். ஏலக்காய் மணத்தது. நேற்று மதியத்துக்குப் பிறகு ஜாசிப் எதுவும் சாப்பிடவில்லை. கோப்பையை வலது கையில் வாங்கினான். சூடாக, கசப்பாக உள்ளே இறங்கியது. நன்றாக இருந்தது.

கோப்பை காலியான பிறகுதான் அதைப் பார்த்தான்.

ஃபர்ஹூத் கூஜாவோடு அப்படியே நின்றான். பாயில் இருந்தவர்கள் கணப்பைப் பார்த்தார்கள். ஷேக் மணிமாலையின் ஒரு மணியை நகர்த்தினார். அவருக்கு நிம்மதியா வருத்தமா என்று ஜாசிப்பால் சொல்ல முடியவில்லை.

“ஷேக்...” என்று ஆரம்பித்தான்.

“நல்லா இருக்கியா? வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?” என்றார் ஷேக். விருந்தாளியிடம் கேட்கிற கேள்வி.

ஜாசிப் தலையை ஆட்டினான். வெளியே கார் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது.

அபு கௌதர் இரண்டு பேரோடு உள்ளே வந்தார். இந்த ஊர்க்காரர்தான். பழைய ஆட்சிக்குப் பயந்து கிழக்கு எல்லையைத் தாண்டிப் போய், இருபது வருஷம் ஈரானில் இருந்துவிட்டுத் திரும்பியவர். பேச்சில் அந்த ஊர் இழுப்பு இன்னும் போகவில்லை. முகாம் பலமாக இருந்தவரை அவருடைய கட்சி ஆபீஸ் ஒரு தையல் கடைக்குப் பின்னால் இருந்தது. இப்போது மூன்று மாடி. சந்தையில் விற்கும் தயிரிலிருந்து தரை ஓடுவரை எல்லாமே அவர் போய் வந்த சாலையில்தான் வந்தன.

ஃபர்ஹூத் ஊற்றினான். அபு கௌதர் கோப்பையை வாங்கி, பதறாமல், தரையில் வைத்தார்.

“என்ன வேணும்?” என்றார் ஷேக்.

“பெரிசா ஒண்ணும் இல்ல ஷேக். முஹன்னத் உங்க ஆள் இல்லைன்னு ஒரு காகிதம். அவ்வளவுதான்.”

“அவன் அண்ணன் இங்கேயே உட்கார்ந்திருக்கான்.”

“பார்த்தேன். ரொம்ப நல்லது. அவரும் கையெழுத்துப் போடட்டும். ஒரே வேலையா முடிஞ்சிடும்.”

அந்தக் காகிதத்துக்கு என்ன பொருள் என்று மண்டபத்தில் எல்லாருக்கும் தெரியும். குலம் கைவிட்டவனைக் கொன்றால் கேட்பாரில்லை. பழியும் இல்லை, சமரசப் பேச்சும் இல்லை. கையெழுத்தான நிமிஷமே அவனைப் பிடிக்கச் சொல்லிச் சாலைச் சாவடிகளுக்குப் போன் போகும்.

ஷேக் தரையில் இருந்த கோப்பையைப் பார்த்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில் இதே அபு கௌதர் கோப்பையை வைத்திருந்தால், ஷேக் சிரித்திருப்பார். கர்னலின் வண்டி வாசலில் நின்ற காலம். அதற்கும் முன்னால், வேறு யாரோ வைத்த கோப்பைகளுக்கு முன்னால் இதே மனிதர் நடுங்கியும் இருக்கிறார். அவருக்கு எழுபத்தாறு வயது. மூன்று ஆட்சி பார்த்துவிட்டார்.

“தர்றேன்” என்றார்.

ஜாசிப் எழப் பார்த்தான்.

“தர்றேன். ஆனா இப்ப இல்ல. இவன் என் விருந்தாளி.”

“விருந்தாளியா?” அபு கௌதர் சிரித்தார். “உங்க குலத்து ஆள்தானே ஷேக்.”

“வாசல் வழியா வந்தான். உட்கார்ந்தான். காபி குடிச்சான். எதுவும் கேக்கல. இவன் விருந்தாளி இல்லாம வேற யாரு? ஃபர்ஹூத், இவன் ஏதாவது கேட்டானா?”

“ஒரு வார்த்தை கேக்கல” என்றான் ஃபர்ஹூத்.

“விருந்தாளிக்கு மூணு நாளும், நாள்ல மூணுல ஒரு பங்கும். அவனுக்கும் அவன் வீட்டுல இருக்கிறவங்களுக்கும். அதுவரைக்கும் நகம் படக் கூடாது.” ஷேக் கைக்கடிகாரத்தைக் கண்ணருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். “இப்ப மணி எட்டு. நாலாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு ஆள் அனுப்பு. காகிதம் தயாரா இருக்கும். குடி.”

அபு கௌதர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு குடித்தார். கோப்பையை ஆட்டி, போதும் என்று ஃபர்ஹூத்திடம் நீட்டினார்.

அவர் போன பிறகு ஷேக் ஜாசிப்பைப் பார்க்காமலே சொன்னார்: “நீ கோப்பையைக் கீழ வெச்சிருந்தா நான் எழுந்து உள்ள போயிருப்பேன், ஜாசிப். நீ கேக்கறதைத் தூக்கிச் சுமக்க எனக்கு இப்பத் தெம்பு இல்ல. வீட்டுக்குப் போ.”

சப்ரியா முழுதும் கேட்டுவிட்டு, “அப்போ குடிச்சே தொலைச்சீங்க” என்றாள். முஹன்னத்தின் சட்டைகளை மடிக்க ஆரம்பித்தாள்.

வடக்கே, குர்துக்களின் பகுதிக்குள் நுழைய அங்கிருந்து ஒருவர் சாவடிக்கே வந்து பொறுப்பேற்க வேண்டும். முகாமில் கூட வேலை பார்த்த ஆஸாத் அங்கே சுலைமானியா நகரத்தில் இருந்தான். அவன் மனைவிக்குப் பிரசவம். நாலாம் நாள்தான் வர முடியும் என்றான். “பொறக்கறதுக்கும் விசா கேட்டிருப்பாங்க போல, அதான் லேட்டு” என்றான் முஹன்னத்.

மூன்று நாள் வீட்டில் இருந்தார்கள். ஜாசிப் ஜெனரேட்டரை ஓட்டினான், அணைத்தான், எண்ணெய் மாற்றினான். எல்லைக்கு அப்பாலிருந்து புது மின்கம்பி வந்த பிறகு பாதித் தெருவுக்கு அவன் தேவைப்படவில்லை. தோட்டாவைப் போட்டுவிட்டுப் போனவர்கள் வரவில்லை. தெருமுனையில் ஒரு வெள்ளைக் கார் மட்டும் நின்றுகொண்டிருந்தது.

நாலாம் நாள் விடியலில் முஹன்னத் கூலிக் காரில் ஏறினான். அண்ணன் தோளில் முத்தமிட்டான். “நான் சொல்லல? கோப்பைதான் வேலைக்காச்சு. பாதி” என்றான். நெடுஞ்சாலையில் எதிர்த்திசையில் அமெரிக்க ராணுவ வண்டிகள் போயின. இதுதான் கடைசி வரிசை என்றார்கள். யாரும் கை காட்டவில்லை, கல்லும் எறியவில்லை.

பதினொரு மணிக்கு வழியில் இருந்த கூத் நகரத்திலிருந்து போனில் பேசினான். அதற்குப் பிறகு பேச்சில்லை.

நாலு மணிக்கு மண்டபத்தில் காகிதம் தயாராக இருந்தது. ஷேக்கின் முத்திரை ஏற்கெனவே விழுந்திருந்தது. அபு கௌதரின் ஆள் ஒருவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஜாசிப்பின் போன் சட்டைப்பையில் சும்மா கிடந்தது.

“போடுங்க அண்ணே, நேரமாச்சு” என்றான் அந்த ஆள்.

ஃபர்ஹூத் காபி ஊற்றினான். ஜாசிப் வாங்கினான். தரையில் வைத்தான்.

ஷேக்கின் கையில் மணிமாலை நின்றது. அவர் முகத்தை ஜாசிப் பார்த்தான். இன்னொன்று கேட்டால் தாங்காத முகம்.

“என்ன வேணும்?” என்றார் ஷேக் மெதுவாக.

“கொஞ்ச நேரம்” என்றான் ஜாசிப். “வேற எதுவும் வேணாம்.”

அபு கௌதரின் ஆள் வாயைத் திறந்தான். ஷேக் கையைத் தூக்கினார்.

“கோப்பை கீழ இருக்கு. தெரியுதில்ல?”

அவன் வாயை மூடிக்கொண்டான். ஷேக் ‘குடி’ என்று சொல்லவில்லை. கணப்பில் ஒரு கரி உடைந்தது. ஃபர்ஹூத் கூஜாவோடு நின்றபடியே இருந்தான். வெயில் நாணல் தட்டியின் இடுக்கு வழியாகப் பாயின் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு நகர்ந்தது.

ஐந்து மணிக்குப் பக்கமாகப் போன் அடித்தது. இரைச்சல். காற்று. நடுவில் தம்பியின் குரல்: “உள்ள வந்துட்டேன்ணே. பையனாம்.”

“யாருக்குடா?”

“ஆஸாத்துக்கு.”

ஜாசிப் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டான். ஷேக்கைப் பார்த்தான்.

“குடி” என்றார் ஷேக்.

காபி ஆறிப்போயிருந்தது. குடித்தான். கோப்பையை ஆட்டி ஃபர்ஹூத்திடம் கொடுத்தான். பேனாவைக் கேட்டு வாங்கி, தம்பி தனக்கு யாரும் இல்லை என்று கையெழுத்துப் போட்டான்.