மேலத்துறைச் சங்கத்தின் ஆலோசகர்

1936-இல் மேலத்துறைக்கும் கீழத்துறைக்கும் கரைமடி வலை இழுக்கும் இடத்துக்காகச் சண்டை மூண்டபோது, மேலத்துறைச் சங்கத்துப் பிரசிடெண்ட் மரியானுக்கு ஆலோசகர் தேவகுமார் சார். புதுக்கடை ஊர்க்காரர், பள்ளிக்கூட வாத்தியார். கடலில் கால் நனைத்தவரில்லை. ஆனால் பத்திரிகை படிப்பார். அபிசீனியா யுத்தத்தை நேரில் பார்த்தவர் மாதிரி பேசுவார். போதாதா? கீழத்துறைக்குப் போன கடிதமெல்லாம் அவர் எழுதியதுதான். அந்தப் பெருமையில் மனிதருக்குத் தரையில் கால் பாவவில்லை.

மரியானின் கவலை வேறு. ஒரே மகள் ஜெயபாயைக் கீழத்துறையில்தான் கட்டிக்கொடுத்திருந்தார். நிறைமாதம். தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர முடியாமல் சண்டை குறுக்கே நின்றது.

"அந்த எடத்த விட்டுக்குடுத்து ராசியாயிருவமா சாரே? பிள்ளையக் கூட்டிட்டு வரணும்."

"மவளுக்காவ கரைய வித்தாருண்ணு ஊரு சொல்லும். பொறுங்க, அவனுவளே எறங்கி வருவானுவ."

எட்டாம் நாள் காலை கீழத்துறை வள்ளம் ஒன்று வந்தது. துடுப்பில் வேட்டியைக் கட்டி உயர்த்தியிருந்தார்கள். உள்ளே நோயாளி இருக்கிறார், நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போகக் கரைவிடுங்கள் என்று அர்த்தம். எத்தனை பகையானாலும் அதற்கு வழிவிடுவது கடற்கரை வழக்கம். மரியான் சாரைத் திரும்பிப் பார்த்தார்.

வழக்கம் தேவகுமாருக்கும் தெரியும். ஆனால் எதிரி பணியும் நேரம் வந்துவிட்டதென்று அவருக்குள் ஒரு குதூகலம்.

"வெள்ளைத் துணியக் காட்டி ஏமாத்துகது சண்டையில உள்ளதுதான். மொதல்ல மன்னிப்பு எழுதித் தரட்டு."

மரியான் கையை வீசி விரட்டினார். ஆட்கள் கல்லெடுத்தார்கள். வள்ளத்தில் இருந்தவர்கள் கத்தியது அலை இரைச்சலில் கேட்கவில்லை. மூன்று மைல் தள்ளி வேறு துறையில் போய்க் கரையேறினார்கள்.

சாயங்காலம் சேதி வந்தது. வள்ளத்தில் கிடந்தது ஜெயபாய். தாய் பிழைத்தாள், ஆண்பிள்ளை பிழைக்கவில்லை.

தேவகுமார் சாருக்குச் சோறு இறங்கவில்லை. சொந்த முகத்தைக் கண்ணாடியில் பார்க்கக் கூசியது. யாராவது காறித் துப்பினால் தேவலை என்றிருந்தது. ஊரோ வழக்கம்போல் வணக்கம் சொன்னது. நாலாம் நாள் மரியான் கூப்பிட்டனுப்பினார். அடிக்கத்தான் போகிறார் என்று ஒருவித ஆறுதலோடு போனார்.

"நான் சொன்னதுனாலதான் பிரசிடெண்டே..."

"நீங்க சொன்னிய. கைய வீசினது நானாக்கும்." மரியான் ஒரு வெற்றுத் தாளை நீட்டினார். "பேரப்பிள்ளைய கீழத்துறையில அடக்கியிருக்காவ. நானும் பொஞ்சாதியும் போயி ஒரு மெழுகுதிரி கொளுத்தணும். கரைவிடுவாவளாண்ணு கேக்கணும். எப்பிடிக் கேக்கணும்ணு நீங்கதான் சொல்லித் தரணும் சாரே."