கைக்கு எவ்வளவு வருது

அந்த காலேஜ்ல அவளை யாரும் பேர் சொல்லி கூப்பிட்டதில்ல. பாஸ்வேர்டு மறந்துட்டு வர்ற பசங்களுக்கு புதுசு போட்டுக் கொடுக்கறது அவ வேலை. அதனால வாத்தியார்ல இருந்து வாட்ச்மேன் வரைக்கும் எல்லாருக்கும் அவ 'பாஸ்வேர்டு'தான். அதே காலேஜ்ல கடன் வாங்கி தகவல் அமைப்புங்கற கம்ப்யூட்டர் படிப்பு படிச்சா. முடிச்சதும் அங்கேயே கம்ப்யூட்டர் ரூம்ல சேர்ந்துட்டா. வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை. அடுத்த வாரம் அதுக்கு கையெழுத்தாகணும்.

இந்த நேரம் பாத்து, புதுசா சேர வர்றவங்களுக்கு காலேஜை சுத்திக் காட்டற நாள் வந்து தொலைச்சுது. சேர்க்கைக்கு பொறுப்பா இருக்கற சார், அவ போட்டோவை ஆளுயரத்துக்கு அட்டையில வெட்டி ஹால்ல நிறுத்திட்டார். அட்டைக்காரி முப்பத்திரண்டு பல்லும் தெரிய நின்னா. நெஞ்சுக்கு குறுக்கே கொட்டை எழுத்துல அவளோட வருஷ சம்பளம்.

அந்தப் படத்தை போன்ல பாத்துட்டு அம்மா முந்தின நாளே கேட்டுட்டாங்க. "இவ்வளவு சம்பாதிக்கறியா? மிச்சத்தையெல்லாம் எங்கடி ஒளிச்சு வைக்கறே?" சிரிச்சு மழுப்பலாம்னு பாத்தா, அம்மா விளையாட்டுக்கு கேக்கல.

கூட வேலை பாக்கற பிரிண்டர்காரன் அட்டையையும் அவளையும் மாறி மாறி பாத்தான். "அட்டை உன்னைவிட தெளிவா இருக்கு."

"அதுக்கு கடன் இல்லடா."

சார் வந்தார். "நீ ஒண்ணும் பேச வேணாம்மா. பக்கத்துல நின்னு சிரி, போதும். யாராவது கேட்டா வாய்ப்பு நிறைய இருக்குன்னு சொல்லு. அடுத்த வாரம் உன் பேப்பர் என் மேஜைக்குத்தான் வரும், தெரியுமில்ல?"

தெரியும். அதனாலதான் நின்னா. ஹால் கடைசியில பேங்க்காரங்க கடனுக்கு ஒரு மேஜை போட்டிருந்தாங்க. அங்க போற வரிசை அவளை உரசிக்கிட்டுதான் போகணும். சார் இடம் பாத்துதான் நிறுத்தியிருக்கார். வந்தவங்க ஹாஸ்டல் இருக்கா, லேப்டாப் தருவாங்களான்னு கேட்டாங்க. சிரிச்சு சிரிச்சு அவளுக்கு தாடை வலிச்சுது.

அப்புறம் ஒரு வேன் டிரைவர் வந்தார். கூட அவர் பொண்ணு, கை நிறைய பேப்பரோட. அவர் அட்டையில இருந்த தொகையை உதட்டை அசைச்சு படிச்சு முடிச்சுட்டு, அட்டையை விட்டுட்டு ஆளைப் பாத்தார்.

"சரிம்மா. கைக்கு எவ்வளவு வருது?"

"வாய்ப்பு நிறைய இருக்குங்க."

"நான் வாய்ப்பை கேக்கலம்மா. வாடகை பேசறவன் பெரிய தொகையாத்தான் சொல்வான். டீசலு, புரோக்கரு, டயரு எல்லாம் போக என் கைக்கு என்ன நிக்குதுன்னுதான் நான் பாப்பேன். அந்த வேனைத்தான் இப்போ இவ படிப்புக் கடனுக்கு ஈடா வைக்கப் போறேன். அதான் கேக்கறேன்."

அவ வாசல் பக்கம் பாத்தா. சார் யாரோ ஒரு பெரிய மனுஷனுக்கு ஜூஸ் ஊத்திக்கிட்டு இருந்தார். வேலை போனா கடன் கூடவே போகாது, அது பாட்டுக்கு நிக்கும். இருந்தாலும் ரெண்டு கையையும் அவர் முன்னாடி விரிச்சா.

"இந்த பத்து விரலும் என் சம்பளம்னு வச்சுக்கங்க. வரி, பிடித்தம்," ரெண்டு விரலை மடக்கினா. "படிப்புக் கடன்." மூணு. "வாடகை." இன்னொரு மூணு. "சாப்பாடு, பஸ்ஸு, போனு." ஒண்ணு. கடைசியில சுண்டுவிரல் மட்டும் குச்சி மாதிரி நின்னுச்சு. "கைக்கு இதுதாங்க."

டிரைவர் அந்த விரலையே பாத்தார். "படிக்கறதுக்கு முன்னாடி?"

"துணிக்கடையில பில்லு போட்டேன். மொத்தமே அஞ்சு விரல். வாடகை மூணு, சாப்பாடு ஒண்ணு. அப்பவும் மிச்சம் ஒண்ணுதான். கடன் முடிஞ்சா நாலு விரல் மிஞ்சும், பொய் சொல்லக் கூடாது. ஆனா அதுக்குள்ள எனக்கு நாப்பது வயசாயிடும்."

"காலேஜ் கொடுத்த நோட்டீஸ்ல சராசரி சம்பளம்னு பெருசா போட்டிருக்காங்களே?" பின்னாடி நின்ன அம்மா ஒருத்தங்க எட்டிப் பாத்தாங்க.

"படிச்சு முடிச்சவங்ககிட்ட சம்பளம் கேட்டு காலேஜ் எழுதினப்போ, பதில் அனுப்பினவங்களோட சராசரிங்க அது. வேலை கிடைக்காதவன் எதுக்கு பதில் அனுப்பப் போறான்?"

பொண்ணுக்கு முகம் தொங்கிப் போச்சு. "அப்போ படிக்க வேணாமா அக்கா? உங்களுக்கு இந்த வேலை பிடிக்கலையா?"

"ரொம்ப பிடிச்சிருக்கு. அதான் கோபமே." அவ குனிஞ்சு பொண்ணு முகத்தைப் பாத்தா. "நீ படி. ஆனா இந்த விலைக்கு வாங்காதே. சின்ன காலேஜ் எதுலயாவது ரெண்டு வருஷம் சாயங்கால வகுப்பு போ, பகல்ல வேலை பாரு. மூணாவது வருஷம் நேரா இங்க சேரலாம். பட்டத்துல இந்த காலேஜ் பேருதான் இருக்கும். கடன் மூணு விரல் ஆகாது, ஒண்ணுதான் ஆகும்."

"அப்படி சேத்துக்குவாங்களா?" டிரைவர் நம்பாம கேட்டார்.

"விதியிலயே இருக்கு. நான் சேந்தப்போ என்கிட்ட யாரும் சொல்லல."

டிரைவர் பொண்ணு கையில இருந்த பேப்பரை வாங்கி நாலா மடிச்சு பாக்கெட்ல வச்சார். வரிசையை விட்டு ஒரு அடி தள்ளி நின்னார். பின்னாடி இருந்தவங்க முன்னாடி போகல. கடன் மேஜையில இருந்தவர் நிமிர்ந்து பாக்க, அந்தப் பார்வையைப் பிடிச்சுக்கிட்டே சார் வேகமா வந்தார். சிரிப்பு மட்டும் முகத்துல ஒட்டியே இருந்துச்சு.

"என்னம்மா இங்க கச்சேரி? கடனைப் பத்தி பேங்க்காரங்க சொல்லுவாங்க. உனக்கெதுக்கு?"

"அவங்க கொடுக்கறவங்க சார். நான் கட்டறவ."

யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. சார் குரலை இறக்கினார். "உன் பேப்பர் என் மேஜைக்கு வரணும். ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு சார். கையெழுத்து போடறதும் போடாததும் உங்க இஷ்டம். இவங்க கேட்டாங்க, நான் சொன்னேன். நான் சொன்னதுல எது பொய்யின்னு இவங்க முன்னாடியே சொல்லுங்க. திருத்திக்கறேன்."

சார் டிரைவரைப் பாத்தார், அந்த அம்மாவைப் பாத்தார். "என் ரூமுக்கு வா," அப்படின்னார்.

பிரிண்டர்காரன் எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துட்டு வந்து அவ பின்னாடி போட்டுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி போயிட்டான்.

"ஏம்மா," சராசரி கேட்ட அம்மா பையனை இழுத்துக்கிட்டு கிட்ட வந்தாங்க. "அந்த சாயங்கால வகுப்புக்கு எங்க போய் கேக்கணும்?"

அவ நாற்காலியில உக்காந்தா. "வரேன் சார். இவங்களுக்கு சொல்லிட்டு வரேன். வரிசை கொஞ்சம் நீளமா இருக்கு."