தொண்ணூற்றாறு சதவீதம்

வங்கி வாசலிலேயே அம்மாவாசி செருப்பைக் கழற்றிவிட்டார். "அப்பா, இது கோயில் இல்ல, போட்டுட்டு வாங்க" என்று பல்லைக் கடித்தாள் அனுசுயா. அவர் காதில் வாங்கவில்லை. கையில் மஞ்சள் பை. அதற்குள் ஒரு கிலோ பன்னீர் திராட்சை. தோட்டத்தில் முந்திப் பழுத்த நாலு கொத்தைப் பொறுக்கிக் கொண்டுவந்திருந்தார். லோன் கொடுக்கிற அம்மாவுக்காம்.

ஒரு பழைய குட்டியானை சரக்கு வண்டிக்குத்தான் லோன். தேவதானப்பட்டி வைகுண்டராஜிடம் விலை பேசி இருபதாயிரம் முன்பணம் கொடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமைக்குள் மீதியைக் கொடுக்காவிட்டால் முன்பணமும் போச்சு, வண்டியும் போச்சு. வண்டி வந்துவிட்டால் சுருளிப்பட்டித் தோட்டத்துப் பழத்தை வியாபாரி சொன்ன விலைக்குத் தூக்கிக் கொடுக்காமல் தாங்களே மதுரைக்கு ஏற்றிப் போகலாம். சம்பள ரசீது என்று ஒன்று அந்த வீட்டில் இருந்தது அனுசுயாவிடம் மட்டும்தான். தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில் பில் போடுகிற வேலை. குடும்பத்தில் முதல் பட்டதாரி. அதனால் லோனும் அவள் பெயரில்.

லோன் அதிகாரி ஜான்சி கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொன்னாள்: "கிரெடிட் ஸ்கோர் அறுநூத்தி அறுபத்தொண்ணு காட்டுதும்மா. எழுநூறுக்குக் கீழ இருந்தா நான் மேல அனுப்பவே முடியாது."

"பொங்கலுக்குப் பாத்தப்ப எழுநூத்தி எழுபது இருந்துச்சே மேடம்!"

"கிரெடிட் கார்டை முழுசா தேய்ச்சிருக்கீங்க. லிமிட்ல தொண்ணூத்தாறு சதவீதம். கடன்லயே காலம் ஓட்டுற ஆளுன்னு சிஸ்டம் எடுத்துக்கும்."

பின்னால் பாஸ்புக்கோடு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அனுசுயாவுக்குக் காது மடல் எரிந்தது. கார்டைத் தேய்த்தது அவள் இல்லை. உரக்கடையில் கடன் சொன்னால் பூச்சிமருந்துக்குப் பத்து ரூபாய் கூட்டி வைப்பார்கள், கார்டு என்றால் ரொக்க விலை. அதனால் அப்பாதான் மாதாமாதம் அதை வாங்கிக்கொண்டு போவார். கெடு நாளுக்கு முந்தின நாள் பணத்தை ரப்பர் பேண்டு போட்டு அவள் கையில் வைப்பார். கமிஷன் கடையில் பழகிய நாணயம் அது. சொன்ன நாளில் முழுசாகக் கொடுத்தவனுக்கு அடுத்த வெள்ளாமைக்குக் கேட்காமலே பணப்பெட்டி திறக்கும்.

அதெல்லாம் அப்போது அவள் நினைவில் இல்லை.

"எல்லாம் உங்களாலதான்" என்றாள், கவுண்டர் முழுக்கக் கேட்கும்படி. "கார்டுன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? கண்ட கடையில தேய்ச்சுத் தேய்ச்சு எம்பேரக் கெடுத்துட்டீங்க. நான் படிச்சு என்ன புண்ணியம்?"

அம்மாவாசி எழுந்து நின்றார். ஜான்சியைப் பார்த்துக் கும்பிட்டார். "பிள்ள மேல ஒண்ணும் இல்ல தாயி. தப்பு எம்மேலதான். படிக்காதவன், அளவு தெரியாமத் தேய்ச்சுப்புட்டேன்." பையை மேசை ஓரமாக வைத்துவிட்டு வெளியே நடந்தார். அவள் பின்னால் போகவில்லை.

மதியம் ஆஸ்பத்திரியில் சோற்றுப் போணியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஜான்சி அச்செடுத்துக் கொடுத்த அறிக்கையை விரித்தாள். பதினெட்டு மாதமும் ஒரு நாள்கூடத் தவணை பிந்தவில்லை. பாக்கி இருபத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரம். லிமிட் முப்பதாயிரம்.

முப்பதாயிரமா? கார்டு வந்த நாளிலிருந்து ஒரு லட்சத்து இருபதாயிரம் அல்லவா?

போனில் தேடினாள். சேலைத் தள்ளுபடிக்கும் ரீசார்ஜுக்கும் நடுவில், ஆறு வாரத்துக்கு முந்தைய ஒரு குறுஞ்செய்தி. வழக்கமான பரிசீலனையின்படி உங்கள் லிமிட் முப்பதாயிரமாக மாற்றப்பட்டுள்ளது. அவள் படிக்காமல் விட்ட செய்தி. பட்டதாரி.

கார்டு கம்பெனிக்குப் போன் போட்டாள். இருபது நிமிடம் பாட்டு ஓடிய பிறகு ஒரு பையன் பேச வந்தான்.

"ஏன் குறைச்சீங்க?"

"அது இன்டர்னல் பாலிசி மேடம். காரணம் எங்களுக்கே காட்டாது."

"ஒரு லட்சத்து இருபதுல இருபத்தொம்பது எடுத்தா கால்வாசி. நீங்க லிமிட்டக் குறைச்சதாலதான தொண்ணூத்தாறு ஆச்சு? எங்கப்பா எப்பவும் எடுக்கறதுக்கு மேல ஒரு ரூவா எடுக்கல. ஸ்கோர் விழுந்துருச்சு, லோன் போச்சு."

"ஸ்கோர் நாங்க போடுறதில்ல மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

"உங்க வீட்டுல யாராச்சும் இப்பிடி உங்களக் கேக்காம..." என்று தொடங்கினாள். அவனும் ஒரு சம்பளக்காரன்தான், அவனிடம் கத்தி என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. வைத்துவிட்டாள். காலையில் அப்பாவிடம் மட்டும் அப்படித் தோன்றவில்லை.

சாயங்காலம் சுருளிப்பட்டியில் இறங்கியபோது தோட்டத்து வழியில் வியாபாரி தங்கபாண்டியின் வண்டி எதிரே வந்தது. மேலே அடுக்கடுக்காகப் பழ டிரேக்கள். பழம் இன்னும் பழுத்துக் கறுத்திருக்கவில்லை, செவ்வரி ஓடிக் கிடந்தது.

வீட்டு வாசலில் அம்மா சுப்புத்தாய் பிடித்துக்கொண்டாள். "வாடியம்மா படிச்சவளே! ஊரு முன்னால வச்சு அந்த மனுசன நாக்கப் புடுங்குற மாதிரி கேட்டியாமே? பேங்கு வரிசையில நின்னுட்டு பஸ்ஸுல கூட வந்த சுரேஷ்கண்ணன் சொன்னான். வந்ததும் சோறு திங்கல. நேரா பழம் வெட்டுற ஆளக் கூப்புட்டுட்டாரு. இன்னும் பத்து நா நின்னா கிலோ எழுவதுக்குப் போற பழம். முப்பத்தெட்டுக்குக் குடுத்தாச்சு."

அம்மாவாசி கை கழுவிவிட்டு வந்தார். ரப்பர் பேண்டு போட்ட கட்டு. "இருபத்தொம்பதாயிரம் இருக்கு ஆத்தா. காலையில போயிக் கட்டிரு. கட்டிட்டா மத்தியானத்துக்குள்ள பேரு சரியாயிரும்ல? வெள்ளிக்கு இன்னும் நாள் கெடக்கு."

கமிஷன் கடையில் அப்படித்தான். பணம் விழுந்த அந்த நிமிடம் பெயர் நேராகிவிடும்.

அவள் நின்றபடியே சொன்னாள். லிமிட்டை அவர்கள் குறைத்ததை, செய்தியைத் தான் படிக்காமல் விட்டதை, அவர் ஒரு நாள்கூடப் பிந்தாததை. கட்டினாலும் ஸ்கோர் போடுகிறவர்களுக்குத் தகவல் போய்ச் சேர மாதம் ஆகும் என்பதையும் சொன்னாள்.

அம்மாவாசி மூங்கில் தூணைப் பிடித்துக்கொண்டார். "அப்ப ஒம்பேரக் கெடுத்தது நான் இல்லையா ஆத்தா?"

"இல்லப்பா."

அவர் முகம் இளகிவிட்டது. பழம் போனது, வண்டி போனது எதுவும் அதில் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"நல்லவேளை" என்றார். "அந்த பேங்குத் தாயி என்னப் பத்தி என்ன நெனச்சாகளோன்னுதான் மனசு ஓடிக்கிட்டே இருந்துச்சு. நீ ஒரு வார்த்தை சொல்லிரு."

மறுநாள் காலை அதே கவுண்டர். பாஸ்புக் வரிசை நேற்றைவிட நீளம். அனுசுயா நேற்றைய அதே சத்தத்தில் சொன்னாள்: "மேடம், கார்டு கம்பெனி எங்களக் கேக்காம லிமிட்டக் குறைச்சிருக்கு. எங்கப்பா ஒரு தவணை தவறல. நேத்து நான் பேசினது தப்பு."

ஜான்சி அறிக்கையை வாங்கிப் பார்த்தாள். "சரிதாம்மா. நானும் லிமிட்டைப் பாத்திருக்கணும். கட்டிட்டு ரெண்டு மாசம் கழிச்சு வாங்க, ஏறியிருக்கும். இந்த வெள்ளிக்கு என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

பிறகு மேசைக்கடியிலிருந்து மஞ்சள் பையை மடித்து எடுத்து நீட்டினாள். "பழம் தேனா இருந்துச்சு. நாங்க எல்லாரும் ஆளுக்கொரு கொத்து எடுத்துக்கிட்டோம். அப்பாகிட்ட சொல்லுங்க, அடுத்த தடவ காசு குடுத்து அஞ்சு கிலோ வாங்கிக்கிறேன்."

அனுசுயா பையை வாங்கிக்கொண்டாள். கொடியில் இனி ஒன்றும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "சொல்றேன் மேடம்" என்றாள்.