பதினோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேர் சாப்பிட்ட கல்யாணம்

என் மகள் ஷீபாவின் கல்யாணத்தில் மூவாயிரம் பேர் சாப்பிட்டார்கள். பதின்மூன்று வருஷமாக இதைத்தான் சொல்லி வருகிறேன். ஆரம்பத்தில் எண்ணூறு என்றுதான் சொன்னேன். அது என்னவோ ஒரு இடத்தில் நிற்காமல், நல்ல தீனி கிடைத்த கன்றுக்குட்டி மாதிரி வளர்ந்துவிட்டது. நான் முப்பத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டர். பஸ்ஸில் ஒரு தலை கணக்கில் இடித்தாலும் செக்கர் சட்டையைப் பிடிப்பார். வண்டிக்குள் அத்தனை ஒழுங்காக எண்ணியவன், வண்டியை விட்டு இறங்கிய பிறகு கொஞ்சம் தாராளமாக எண்ணக் கூடாதா?

உண்மையான எண் எனக்கும் என் மனைவி அன்னபுஷ்பத்துக்கும் மட்டும் தெரியும். இருநூற்றுப் பதினான்கு.

வினை 2005 ஏப்ரலில் வந்தது. பேத்திக்கு மே மாதம் புதுநன்மை, அதாவது கோயிலில் முதல் தடவையாக நற்கருணை வாங்கும் விழா. விருந்து தாய்வீட்டார் பொறுப்பு. ஷீபாவின் மாமனார் சவரிநாதன் பெரம்பூரிலிருந்து போன் போட்டார்.

"மைக்கேல்ராஜ் சம்பந்தி! கல்யாணத்துக்கு மூவாயிரம் எல போட்டீங்க. பேத்திக்கு அதுல ஒரு எல கொறைஞ்சாலும் பெரம்பூர்ல எவன் என்னை மதிப்பான்?"

"மூவாயிரமா... எனக்கு அவ்ளோ கரெக்டா ஞாபகம் இல்ல சம்பந்தி."

"அதுக்கு இன்னா? அதான் கல்யாண வீடியோ கேசட் கீதே! போட்டுப் பாக்க எங்க வூட்ல டெக் இல்ல. சி.டி.யா போட்டு வைங்க. அடுத்த ஞாயித்துக்கெழம நானே மண்ணூர் வரேன். ரெண்டு பேரும் பார்த்து எண்ணிக்கினு, அதே அளவு செஞ்சிடலாம்."

போனை வைத்ததும் இரண்டு பக்கமும் கூட்டிப் பார்த்தேன். பொய்யைக் காப்பாற்றினால் மூவாயிரம் பேருக்குப் பிரியாணி போட வீட்டை விற்க வேண்டும். உண்மையைச் சொன்னால் பதின்மூன்று வருஷ மானம் ஒரே நாளில் போய்விடும். கேசட்டைக் கிணற்றில் போட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டே எடுத்தேன். அன்னபுஷ்பம் பிடுங்கிக்கொண்டாள்.

"ஷீபா கழுத்துல தாலி ஏர்ற படம் வேற எங்கியும் இல்ல. இதுக்கு எதுனா ஆச்சு, உங்களுக்கு இந்த ஜென்மத்துல சோறு கெடையாது."

ஆகவே வேறு வழி பிடித்தேன். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஸ்டுடியோக்காரர் மணிக்கு ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு வேலையைப் பளபளவென்று முடித்துவிடுவார் என்று ஊரே சொன்னது. அந்தப் பளபளப்புதான் எனக்கு எமன். எங்கே மலிவோ அங்கே நாசம் நிச்சயம் என்று கணக்குப் போட்டு, எங்கள் மாடி அறையில் குடியிருக்கும் பையன்களிடம் கேசட்டைக் கொடுத்தேன். கூலி, ஒரு வேளை வஞ்சிரக் குழம்பு.

மொத்தம் எட்டுப் பேர். எல்லோரும் நாங்குநேரிப் பக்கம். காருக்கு முன்விளக்கு செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. தலைவன் இசக்கியப்பனுக்கு க்யூ.சி.யில் உத்தியோகம், அதாவது லைன் முடிவில் நின்றுகொண்டு போகிற விளக்கையெல்லாம் முறைத்துப் பார்க்க வேண்டும். எட்டுப் பேரும் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, கிரிக்கெட் பார்ப்பதற்காக அதில் டிவி கார்டு செருகி வைத்திருந்தார்கள். டெக் என்னுடையது. ஐந்து வருஷமாக அதன்மேல் அரிசி டின் உட்கார்ந்திருந்தது.

முதல் நாளே இசக்கியப்பன் இறங்கி வந்தான். "ஐயா, கேசட்டுல பூஞ்சை புடிச்சிருக்கு."

"அடடா! அப்போ முடியாதா?" என்றேன். சந்தோஷத்தை மறைக்க இருமினேன்.

"அதெல்லாம் முடிச்சிருவோம்யா. கண்ணாடி தொடைக்க எங்ககிட்ட துணி இருக்கு."

துடைத்தார்கள் ஐயா, துடைத்தார்கள்! பிரித்துப் போட்டால் இங்கிருந்து காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்து, ஒரு பட்டுப் புடவையும் எடுத்துக்கொண்டு திரும்பக்கூடிய நீளம் அந்த நாடா. அதை விரல்கடை விரல்கடையாகத் துடைத்தார்கள்.

பிறகுதான் எனக்கு இந்த வேலையின் சூட்சுமம் புரிந்தது. மூன்று மணி நேரக் கேசட்டை சி.டி.யாக்க அதை மூன்று மணி நேரமும் ஓடவிட்டே ஆக வேண்டும். நடுவில் கம்ப்யூட்டர் மயங்கி விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. படம் உருண்டால் டெக்கின் திருகாணியைத் திருப்ப ஓர் ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பையன்கள் அசரவில்லை. ஏ ஷிப்ட், பி ஷிப்ட் என்று பிரித்துக்கொண்டார்கள். கம்பெனியில் ஷிப்ட் மாறும்போது எழுதுவது போலவே ஒரு நோட்டுப் போட்டார்கள். பி ஷிப்ட் மாரிமுத்து எழுதியதை நானே படித்தேன்:

'மாப்பிள்ளை மீசை ஓகே. மணப்பெண் அழுகை நான்கு இடம். பெரியவர் ஒருவர் தலையில் வெள்ளைக் கோடு. டேப் கோடா, வகிடா, அடுத்த ஷிப்ட் கவனிக்கவும்.'

"டேய், என் பொண்ணு அழுவுறதுக்கு ரிஜெக்ட் சீட்டு ஒட்டுவியா?"

"பொண்ணுக்கு இல்லய்யா, படத்துக்கு" என்றான் மாரிமுத்து.

சனிக்கிழமை மூன்று சி.டி.யும் கூடவே ஒரு தாளும் வந்தன. தாளில் கையெழுத்து, தேதி, எங்கிருந்தோ பிடித்த ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் இருந்தன. "ஒங்க சம்பந்தி நேத்து மத்தியானம் போன் அடிச்சாக. நீங்க குளிச்சிட்டு இருந்தீக. எத்தன பேருன்னு எண்ணி வைக்கச் சொன்னாக. எண்ணிட்டோம்" என்றான் இசக்கியப்பன்.

தாளைப் பிரித்தேன். மொத்தம்: 11,412.

நான் சொன்ன பொய்யைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு அது பெரியதாக இருந்தது.

"எப்படிடா எண்ணுனீங்க?"

"லைன்ல எண்ணுத மாதிரிதான்யா. கேமராவுக்கு முன்னால ஒரு தல போனா ஒண்ணு."

"போனவனே திரும்பி வந்தா?"

"இன்னொண்ணு. சரி பண்ண ரீவொர்க் போயிட்டு வர்ற பீசையும் எண்ணத்தான்யா செய்வோம். நீங்க மட்டுமே அறுநூத்தி நாப்பது. கையில வாளியோட."

"கொறைச்சு எழுதுடா, உனக்குப் புண்ணியமாப் போவும்."

"கையெழுத்துப் போட்டாச்சேய்யா! மாத்துனா ஆடிட்ல மாட்டிக்கிடுவோம்."

"உன் கம்பெனி ஆடிட்டுக்கும் என் பொண்ணு கல்யாணத்துக்கும் இன்னாடா சம்பந்தம்?"

தாளை வாங்கி, ஸ்டாம்ப் நேராக இருக்கிறதா என்று பார்த்தான். "பழகிப்போச்சுய்யா."

ஞாயிறு காலை சவரிநாதன் வந்து இறங்கினார். வந்ததும் தாளைக் கையில் வாங்கினார். ஸ்டாம்பைத் தடவிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு.

"பதினோராயிரம்! அதப் போயி மூவாயிரம்னு அடக்கமா சொல்லிகினு இருந்தீங்களே! விடுங்க, பேத்திக்கும் அதே பதினோராயிரம். ஒரகடம் பக்கம் காலி மைதானம் எதுனா புடிக்கலாம். ஆட்டுக்கு ஆந்திரா போவணும்."

வேறு வழியில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் எண்ணைக் கீழ்நோக்கித் தள்ளினேன்.

"சம்பந்தி, மாதா மேல சத்தியமா எரநூத்திப் பதினாலு பேருதான்."

அவர் சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னா அடக்கம், இன்னா அடக்கம்!"

அன்னபுஷ்பம் சமையலறையிலிருந்து வந்தாள். "எல வாங்குனது நானுண்ணா. எரநூத்தி அம்பது வாங்கி முப்பத்தாறு மிஞ்சிச்சு."

"பாருங்க, புருஷனுக்கேத்த பொண்டாட்டி!"

முப்பத்திரண்டு வருஷம் பொய் சொல்லாமல் டிக்கெட் கிழித்த என் வார்த்தையை நம்ப ஒரு நாதியில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கம்ப்யூட்டரைக் கூடத்துக்கு இறக்கச் சொன்னேன். பந்தி இருக்கும் மூன்றாவது சி.டி.யைப் போட்டு, பக்கத்தில் நின்றேன்.

"இப்ப என் ரூல். டிக்கெட் வாங்குனவனுக்கு மறுபடி டிக்கெட் கெடையாது. ஒரு தலைக்கு ஒரே தடவை. மாரிமுத்து, எழுது."

முதல் பந்தி ஓடியது. நான்காவது இலையில் சவரிநாதனே, காப்பிக்கலர் சபாரியில், எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு டிக்கெட் போட்டேன். அவரும் பெருமையாகத் தலையாட்டினார்.

இரண்டாவது பந்தி. ஓர் ஓரத்தில் காப்பிக்கலர் சபாரி.

"ஐயா, இந்த பீஸ் முன்னாலயே வந்துட்டே" என்றான் இசக்கியப்பன்.

மூன்றாவது பந்தி. காப்பிக்கலர் சபாரி கேமராவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. கடைசிப் பந்தியில் சமையல்காரர்களுக்கு நடுவே, தோளில் துண்டைப் போட்டு சபாரியை மறைத்துக்கொண்டு, ஒரு கை இலைக்கு மேல் விரிந்து 'இன்னும் போடு' என்றது.

"எல நாலு. பீஸ் ஒண்ணுதான்யா" என்று இசக்கியப்பன் நோட்டில் குறித்தான்.

எனக்கு வேறொரு கணக்கு இடித்தது: செலவான இலை இருநூற்றுப் பதினான்கு, அதில் மூன்று ஒரே ஆளுக்கு உபரி. நான் பதின்மூன்று வருஷமாக மனசுக்குள் பூட்டி வைத்திருந்த உண்மையே தப்பு! சாப்பிட்டது இருநூற்றுப் பதினோரு பேர்தான். ரிட்டயரான பிறகு ஒரு கண்டக்டருக்கு இப்படி ஓர் அவமானம் வரலாமா?

சவரிநாதன் தொண்டையைச் செருமினார். "மாப்பிள்ளை வூட்டுக்காரன்... எல்லாப் பந்தியும் ஒழுங்கா நடக்குதான்னு பார்க்க வாணாமா?"

"பார்க்கணும்ணா" என்றாள் அன்னபுஷ்பம். "ஒவ்வொரு தடவையும் கறியத்தான் பார்த்துருக்கீங்க."

"சம்பந்தி," என்றார் அவர், தாளை நாலாக மடித்து என் சட்டைப் பையில் செருகியபடி, "இந்தக் காலத்துல கூட்டம் எதுக்கு? புதுநன்மைன்றது பக்தி சமாச்சாரம். எரநூறு பேர் போதும். அந்த மூணாவது சி.டி. இங்கியே இருக்கட்டும். ஷீபாவுக்கு தாலி கட்டுறது இருந்தா பத்தாதா?"

மே மாதம் விருந்து அமோகமாக நடந்தது. சவரிநாதன் முதல் பந்தியில் உட்கார வந்தவர், உட்காராமல் பந்தலை ஒரு சுற்றுச் சுற்றி, வீடியோக்காரர் எங்கே நிற்கிறார் என்று பார்த்துக்கொண்டார். பிறகு ஓர் இலையின் முன் அமர்ந்தார். முதல் பந்தி எழுந்தது, அவர் எழவில்லை. இரண்டாவது பந்தி எழுந்தது, அவர் எழவில்லை. கடைசிப் பந்திக்கு ரசம் வரும்போதும் அதே இடத்தில் அதே இலை முன்னால்தான் இருந்தார்.

பரிமாறிக்கொண்டிருந்த இசக்கியப்பன் நோட்டை எடுத்து, ரொம்ப நேரம் தயங்கி, ஒன்று என்றே எழுதினான்.