வெளிச்சம் பார்க்க ஒரு படம்

அரண்மனைத் தோட்டத்துக்குள் நுழைந்ததுமே கவுன் பை, செருப்பு, சீப்பு, தண்ணீர் பாட்டில் எல்லாம் என் கைக்கு வந்துவிட்டன. கல்யாணத்துக்கு முன்பே எடுக்கிற போட்டோவுக்காக வந்திருந்தோம். கல்யாணம் என் தங்கைக்கு. மாப்பிள்ளை முதலில் என்னைத்தான் பெண் பார்க்க வந்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த தங்கையைப் பிடித்துப்போயிற்று. நான் சரி என்றதும், எனக்குத் தங்கமான மனசு என்றார்கள் சொந்தக்காரர்கள். தங்கத்தைப் பெட்டிக்குள்தானே பூட்டி வைப்பார்கள். இன்று ஒருநாள் முகத்தில் எதையும் காட்டிவிடக் கூடாது, எனக்கு அது போதும்.

இதழ் இதழாக வெட்டிய வளைவுகள், வெங்காயம் மாதிரிக் குவிமாடம், நடுவே நீண்ட வாய்க்கால், இருபக்கமும் அளவெடுத்துக் கத்தரித்த செடிகள். மாடியில் ராணிகள் உட்கார்ந்து பார்க்கும் சன்னல். முழுக் கல்லையும் சல்லடையாகக் குடைந்திருந்தார்கள். கீழே நடப்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும், அவர்கள் முகம் ஒருவருக்கும் தெரியாது. கொடுத்துவைத்தவர்கள்.

தங்கை உடை மாற்றப் போயிருந்தாள். வெயில் இறங்குகிறதே என்று அலுத்துக்கொண்ட போட்டோக்காரர், வெளிச்சம் சரிபார்க்க வேண்டும், வளைவுக்குக் கீழே மாப்பிள்ளை பக்கத்தில் கொஞ்சம் நில்லுங்கள் என்று என்னைக் கூப்பிட்டார். அம்மா வாயைத் திறந்து மூடிக்கொண்டாள். மாட்டேன் என்றால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள். பையைக் கீழே வைத்துவிட்டுப் போய் நின்றேன்.

"இன்னும் கிட்ட வாங்கக்கா. லேசா சிரிங்க."

சிரித்தேன்.

தங்கை வந்ததும் எல்லோரும் கேமராவின் சின்னத் திரையை எட்டிப் பார்த்தோம். படத்தில் மாப்பிள்ளை போனை நோண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நான், தலையை அவர் தோள் பக்கம் சாய்த்து, நாளைக்கே கல்யாணம் என்கிறவள் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தேன். பாவி முகம், எனக்கே தெரியாமல் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அம்மா வாய்க்காலைப் பார்த்தாள். தங்கை படத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அத அழிச்சிடுங்கண்ணா," என்றாள்.

"வெளிச்சம் பாக்க எடுத்ததும்மா. எப்படியும் அழிச்சிருவோம்."

என் முன்னாலேயே பொத்தானை அமுக்கினார். தங்கை வளைவுக்குக் கீழே போய் நின்றாள். மாப்பிள்ளை போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். நான் குனிந்து அவள் கவுனின் விளிம்பைத் தரையில் விரித்துவிட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"அக்கா, படத்துல விழுறீங்க. தள்ளிக்கங்க."

தள்ளி நின்றேன். இன்னும் என்றார். செடி வரிசையைத் தாண்டி வாய்க்கால் ஓரம் வரை வந்துவிட்டேன். கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலேயே அவர் கையை ஆட்டிக்கொண்டிருந்தார், இன்னும், இன்னும் என்று.