அடுத்த அறைக்குப் போன வழக்கு

துசியந்தி குடிவரவுத் தீர்ப்பாய நீதிபதியாக நியமிக்கப்பட்டாள் என்ற செய்தி வந்த ஞாயிற்றுக்கிழமை, விம்பிள்டனுக்குப் பக்கத்து மோர்டனில் பாலேந்திராவின் வீடு கொள்ளாத சனம். மட்டன் ரோல்ஸ், கேக், பாயாசம் எல்லாம் இருந்தன. பாலேந்திரா வாசலில் நின்று வருகிற எல்லோரிடமும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"எங்கட பிள்ளை இனி ஜட்ஜ். விளங்குதே? ஜட்ஜ்!"

அந்தப் பெருமைக்கு அவருக்கு உரிமை இருந்தது. துசியந்தி ரூட்டிங்கில் ஒரு சேலைக் கடைக்கு மேலே சிறிய அறை எடுத்து சொலிசிற்றராகத் தொழில் தொடங்கியபோது முதல் அகதி வழக்கைக் கூட்டிவந்தவர் அவர்தான். பிறகு அவளைக் கவுன்சில் தேர்தலில் நிற்கச் சொன்னவரும் அவர்தான். தன் பலசரக்குக் கடையை மனைவி தவமலரிடம் விட்டுவிட்டு, மழையிலும் குளிரிலும் அவளோடு வீடு வீடாகக் கதவு தட்டினார். முதல் முறை தோற்றாள். அடுத்த முறை வென்றாள். கவுன்சிலராக இருந்த காலத்தில் பாலேந்திரா வீட்டின் முன்னறைதான் அவளுடைய அலுவலகம், சாப்பாட்டறை, சண்டை பிடிக்கிற இடம் எல்லாம். அவளுக்குக் கல்யாணம் நடக்கவில்லை. ஒரே தம்பி ரொறன்ரோவில் இருந்தான். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் தவமலர் அவளுக்கும் சேர்த்தே புட்டு அவிப்பாள்.

விருந்து முடிந்து எல்லோரும் போன பிறகு துசியந்தி சொன்னாள்:

"அண்ணை, நான் கட்சியிலையிருந்து விலகோணும். ஒஃபீசையும் மூடோணும். இனி ஒருத்தருக்கும் விசா விஷயமா ஒண்டும் சொல்லேலாது. உங்களுக்கும்தான்."

"அதெல்லாம் தெரியும் பிள்ளை," என்று பாலேந்திரா கையை ஆட்டினார். "நீ எங்கை போகப்போறாய்? மோர்டனிலைதானே இருக்கப்போறாய்."

அவள் மோர்டனில்தான் இருந்தாள். ஆனால் முதல் வருடத்திலேயே தொலைபேசி அடிப்பது குறைந்துவிட்டது. "தங்கச்சி, ஒரு சின்னக் கேள்வி" என்று தொடங்குகிற அழைப்புகளுக்கு அவள் சொல்ல வேண்டியிருந்த பதில் ஒன்றுதான். இரண்டாம் முறை யாரும் கேட்கவில்லை. தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழாவுக்கு அழைத்தார்கள், மேடையில் எம்.பி. ஒருவரும் தேர்தல் வேட்பாளர்களும் இருப்பார்கள் என்று தெரிந்ததும் மறுத்தாள். மாவீரர் நாள் கூட்டத்துக்கும் போகவில்லை. "பெரிய ஆளாகிட்டா" என்று யாரோ சொன்னது அவள் காதுக்கே வந்தது. அதற்குப் பதில் சொல்லப் போனால் அதையும் யாரோ ஒரு வழக்கில் தூக்கிக் காட்டலாம் என்று நினைத்துப் பேசாமல் இருந்தாள்.

தீர்ப்பாயத்தில் மற்ற நீதிபதிகள் மரியாதையாகத்தான் பழகினார்கள். நாய், தோட்டம், பிரான்சில் வாங்கிய வீடு என்று பேசுவார்கள். அவளிடம் நாயும் இல்லை, தோட்டமும் இல்லை. மத்தியானத்தில் தன் அறையிலேயே சாண்ட்விச்சைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு அடுத்த வழக்கைப் படிப்பாள். தமிழ் கேட்பது விசாரணை அறையில் மட்டும்தான். மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொல்வதற்கு முன்பே அவளுக்கு விளங்கிவிடும். ஆனாலும் ஆங்கிலம் வரும்வரை பேனாவோடு காத்திருப்பாள்.

ஒரு குளிர்காலக் காலையில், அன்றைய வழக்குக் கோப்பைத் திறந்தபோது சாட்சியின் பெயர் பாலேந்திரா என்று இருந்தது. முகவரியும் தெரிந்த முகவரிதான். மேன்முறையீடு செய்திருந்தவன் பிரவீணன், தவமலரின் தங்கை மகன். படிக்க வந்து, பிறகு அகதியாக விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டவன். வாக்குமூலத்தின் முதல் பத்தியைப் படித்தவுடனே கோப்பை மூடினாள். அதற்கு மேல் படிப்பது தவறு. மேலே இருந்த மூத்த நீதிபதியிடம் போய்ச் சொன்னாள். சில நிமிடங்களில் வழக்கு அடுத்த அறைக்கு மாற்றப்பட்டது. அவளுக்கு வேறொரு வழக்கு வந்தது.

திரும்பி வருகிற வழியில்தான் அது நடந்தது. நீதிபதிகளுக்குத் தனி வழி உண்டு. அன்று அதன் கதவு பழுதாகி இருந்ததால் பொது நடைபாதையால் வரவேண்டியதாயிற்று. பாலேந்திரா கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிரவீணன் தலையைக் குனிந்தபடி இருந்தான். அவளைக் கண்டதும் பாலேந்திராவின் முகம் முழுக்க மலர்ந்தது. எழுந்துவிட்டார்.

"துசி! நீயே வழக்கைக் கேக்கப்போறாய்? கடவுளே, நான் பயந்துகொண்டு..."

எதிர்த்தரப்பில் வந்த உள்துறை அமைச்சகத்துச் சட்டத்தரணி ஐந்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் போதும். வழக்கு அடுத்த அறைக்குப் போயிருந்தாலும், அதே தீர்ப்பாயத்து நீதிபதி சாட்சியோடு பேசினார் என்று எழுதினால் வழக்கே நாறிவிடும்; நாறுவது பிரவீணனுக்குத்தான். அவள் பாலேந்திராவின் முகத்தைப் பார்க்காமல் நேராக நடந்தாள். அவருடைய நீட்டிய கை அவளுடைய கோட்டில் உரசியது. பின்னால் "துசி?" என்று இன்னொரு முறை கேட்டது. இந்த முறை மெதுவாக.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, தனக்கு வந்த வழக்கை விசாரிக்கப் போனாள்.

பிரவீணனின் மேன்முறையீடு தள்ளுபடியானது. தவமலர் ஒரு நாள் தொலைபேசி எடுத்தாள்.

"அவர் உங்கட பேரை வீட்டிலை சொல்லக்கூடாதாம். நீங்கள் வழக்கைக் கேட்டிருந்தா பெடியன் வெண்டிருப்பானாம்."

"அக்கா, நான் கேட்டிருக்கவே ஏலாது."

"அது எனக்கு விளங்குது. முகத்தைப் பாக்காமல் போனீங்களாமே, அதுதான் எனக்கும் விளங்கேல்லை."

துசியந்தி வாயைத் திறந்தாள். வழக்கு இன்னும் முடியவில்லை; மேல் தீர்ப்பாயத்துக்குப் போகும். "இப்ப ஒண்டும் சொல்லேலாது, அக்கா," என்றாள். தவமலர் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவள் வேலை முடிந்து நேரே வீட்டுக்குப் போனாள். தானே புட்டு அவித்துப் பார்த்தாள். ஒருத்திக்கு அவிக்க அளவு வரவில்லை. பிறகு அதையும் விட்டுவிட்டாள்.

இரண்டு வருடம் போயிற்று. இந்த வருட வசந்தத்தில், விம்பிள்டன் பிள்ளையார் கோயிலில் தவமலரைக் கண்டாள். ஒதுங்கிப் போகலாம் என்று நினைப்பதற்குள் தவமலரே கிட்ட வந்தாள்.

"பிரவீணனுக்கு விசா கிடைச்சிட்டுது. போன மாசம். மேல் கோர்ட்டிலை வெண்டிட்டான்." கொஞ்சம் நிறுத்தி, "வீட்டை வாங்கோவன். மனுசன் ஒண்டும் சொல்லமாட்டார்," என்றாள்.

வழக்கு முடிந்துவிட்டது; இனிப் பேசலாம். அடுத்த சனிக்கிழமையே போனாள். கதவைத் திறந்த பாலேந்திரா மெலிந்திருந்தார். உள்ளே கூப்பிடவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை.

"அண்டைக்கு 'அண்ணை' எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்," என்றார்.

"சொல்லியிருந்தா அதைப் பிடிச்சு வழக்கை முறிச்சிருப்பாங்கள். நான் உங்களைப் பாத்திருந்தா சொல்லியிருப்பன், அண்ணை. அதுதான் பாக்கேல்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்து முடித்தும் போட்டுக்கொள்ளவில்லை.

"எனக்கு மூளைக்கு விளங்கினது," என்றார். "மற்றதுக்குத்தான் இவ்வளவு காலம் எடுத்தது. வா, உள்ளுக்கை வா. தேத்தண்ணி குடி."

அவள் சப்பாத்தைக் கழற்றினாள். முன்னறைக்குள் ஒரு கால் வைத்தவள் அப்படியே நின்றாள். தரையெல்லாம் தேர்தல் துண்டுப்பிரசுரங்கள். இளம் பெண்களும் பையன்களும் வட்டமாக இருந்து மடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்த பெண் துள்ளி எழுந்தாள். கம்சிகா, இந்தத் தேர்தலில் இதே வட்டாரத்துக்கு நிற்பவள்.

"துசி அன்ரி! You held this seat, no? எங்களுக்கு எந்த ரோட்டிலை முதல் தொடங்கிறது எண்டு சொல்லுங்கோ."

எந்தத் தெரு என்று துசியந்திக்கு நன்றாகத் தெரியும். எந்த வீட்டுக்காரர் கதவு திறப்பார், எவர் திறக்கமாட்டார் என்பதுகூட.

"Good luck, கம்சிகா," என்று மட்டும் சொல்லிவிட்டு வாசலுக்குத் திரும்பினாள். பாலேந்திரா பின்னாலேயே வந்தார்.

"என்ன பிள்ளை?"

"எலெக்ஷன் வேலை நடக்குது, அண்ணை. நான் இதுக்குள்ளை இருக்கேலாது."

"ஒரு தேத்தண்ணிக்கும் சட்டமே?"

"இண்டைக்கு ஓம்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது.

"எலெக்ஷன் முடியட்டும், வா," என்றார். "தவமலரைப் புட்டு அவிக்கச் சொல்லுறன். பஸ் வரைக்கும் வாறன், பொறு." சப்பாத்தைத் தேடிக் குனிந்தார். உள்ளேயிருந்து யாரோ "அங்கிள், map எங்கை?" என்று கூப்பிட்டார்கள்.

"போங்கோ, அண்ணை. அவையள் பாத்துக்கொண்டிருக்கினம்."

அவர் அவளைப் பார்த்தார், உள்ளே பார்த்தார், போனார்.

பஸ்ஸின் மேல்தட்டில் ஆளில்லை. முன் இருக்கையில் அமர்ந்தாள். பஸ் புறப்படுகிறபோது பாலேந்திரா அந்தக் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வருவது தெரிந்தது. கையைக் காட்டி ஏதோ விளக்கினார். பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் எதிரே இருந்த தெருவுக்குள் நடந்தார்கள். முதலில் போக வேண்டிய தெரு அதுவல்ல. துசியந்தி அவர்கள் வளைவில் மறையும்வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.