அண்ணி நம்பிய குரல்

ரயில் நிலையத்தில், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று சொல்லும் குரலுக்குச் சொந்தக்காரி அவள். வண்டி தாமதம் என்று அவள் சொன்னால் ஊரே முணுமுணுத்துக்கொண்டு பெட்டிமேல் உட்கார்ந்துவிடும். அந்தக் குரலை யாரோ ஒரு புண்ணியவான் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துப் பேசவைத்து, சர்க்கரை நோய்க்குப் பொடி விற்க ஆரம்பித்துவிட்டான். "நானும் இதைத்தான் சாப்பிடுறேன், மாத்திரையைத் தூக்கிப் போட்டுட்டேன்" என்று அவள் குரல் ஃபோனுக்கு ஃபோன் குழைந்தது. இத்தனைக்கும் அவளுக்குச் சர்க்கரையே கிடையாது.

சிரித்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் அவள் அண்ணி என்று கூப்பிடும் கணவனின் அக்கா அந்தப் பொடியை வாங்கி, மாத்திரையை நிறுத்திவிட்டாள் என்று காதில் விழுந்ததும் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர்தான். சட்டப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். திருட்டு என்று எழுத ஏதாவது காணாமல் போயிருக்க வேண்டுமாம். குரல்தான் அவள் தொண்டையிலேயே பத்திரமாக இருக்கிறதே. ஆள்மாறாட்டம் என்றால் அவள் பெயரைச் சொல்லியிருக்க வேண்டுமாம். பொடிக் கம்பெனிக்காரனைக் கூப்பிட்டுக் கேட்டால், எல்லாம் இயந்திரம் செய்தது என்று கையை விரித்தான்.

"இயந்திரத்தை உள்ள தள்ள முடியுமா? இதுக்குன்னு நாட்டுல ஒரு சட்டம் வரணும்மா" என்றார் இன்ஸ்பெக்டர். அதுவரைக்கும் என்ன செய்வது என்று அவள் கேட்டதற்கு அவர் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தார்.

வாசலுக்கு வந்ததும் அண்ணிக்கு ஃபோன் போட்டு, அது நானில்லை, உடனே மாத்திரையைப் போடுங்கள் என்று படபடத்தாள். அந்தப் பக்கம் ஒரு கனைப்புக் கேட்டது.

"இந்த வேலையெல்லாம் என்கிட்ட வேணாம். குரலை மாத்திப் பேசி ஏமாத்துறாங்கன்னு பேப்பர்லயே போட்டிருக்கான். எங்க வீட்டுப் பொண்ணுதான் பொடியைச் சாப்பிடச் சொன்னா. நடுவுல நீ யாரு?"

லைன் கட்டாகிவிட்டது. அவள் அடித்துப் பிடித்து பஸ் ஏறினாள்.

கதவைத் திறந்த அண்ணி நாக்கு வறண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவள் சொன்னதையே திரும்பச் சொல்ல, அண்ணி இவள் வாயையே உற்றுப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பொடி டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டு, டாக்டரிடம் கிளம்பச் செருப்பைத் தேடினாள்.

"அதான் நேர்லயே வந்துட்டேனே அண்ணி, இனிமே பயமில்ல."

"எனக்கு நீ வந்துட்ட" என்றாள் அண்ணி. "என்னை மாதிரி நம்பி வாங்கினவங்க எத்தனை பேரோ. அவங்க வீட்டு வாசல்ல எல்லாம் யாரு போய் நிப்பா?"